மூன்றாம் சரணத்தில் ஒரு கைதட்டு

எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் பின்னறையில் கூடுவோம். ஒரேயொரு இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்பதுதான் வேலை. எண்பதுகளில் நியூ வேவ் என்று சொன்னார்களே, அந்த வகை. ஐந்து பேர், நான்கு இசைத்தட்டு, நாற்பத்தொரு பாட்டு. அதில் ஒன்று மட்டும் வானொலியில் ஓடியது. மற்ற நாற்பதும் எங்களுக்கே என்று விடப்பட்டவை. குழுவின் பெயரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் வேறொரு குழுவை நினைத்துக்கொள்வார்கள். அந்த வேறு குழு எங்கள் ஆட்களைப் பார்த்துப் படித்துத்தான் புகழடைந்தது என்பது எங்கள் எட்டுப் பேரின் தீர்மானம். அதனால் பெயரை இங்கே எழுதவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்துத்தான் அங்கே போனேன். முதல் நாள் பாட்டைப் பற்றிக் கேட்க முன்னம் நான் எந்த நாடு, எத்தனை பிள்ளைகள், குளிர் பழகிவிட்டதா என்று ஆறு கேள்வி கேட்டார்கள். வெள்ளைக்காரர் மட்டும் இருக்கும் அறைக்குள் ஒரு தமிழ்க் கிழவன் இருப்பது பார்க்க அழகாக இருக்கும் என்று என்னை வைத்திருக்கிறார்களோ என்ற ஐயம் அன்றே வந்தது. அதனால் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

அவர்களிடம் சுவரொட்டிகள் இருந்தன, முதற்பதிப்பு இசைத்தட்டுகள் இருந்தன. மூன்று பேர் அந்தக் குழுவை நேரிலேயே பார்த்தவர்கள். அவர்கள் மேடைக்கு முன்னால் நின்ற காலத்தில் நான் அகதிகள் விடுதியில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்தவன். பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். அங்கே ஒரு சமையற்காரர் பதிந்து தந்த ஒற்றை ஒலிநாடாக் கசற்தான் என் சொத்து. அதைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தேன். எந்தப் பாட்டில் பாஸ் கிற்றார் எத்தனையாவது அடியில் நுழைகிறது, பாடகர் எத்தனை தரம் மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மதிப்பென்று ஏதாவது இருந்தால் அது இந்த எண்ணிக்கைக்குத்தான்.

இரண்டாம் இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். வெறும் கைதட்டு மட்டும் கேட்கும். முதற் சரணத்தில் பதினாறு, இரண்டாவதில் பதினாறு. மூன்றாவதில் பதினைந்து. பதினாறாவது விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அரைச் செக்கன் வெறுமை. அதற்குப் பிறகு பாடகர் திரும்பி வரும்போது எனக்கு ஒவ்வொரு தரமும் மயிர் கூச்செறியும். நான் இந்தக் குழுவின் ரசிகனானதே அந்த வெறுமையால்தான்.

முதற் கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். இசைத்தட்டு இயந்திரத்தைக் கவனிக்கும் ஃப்ரிபூர்க்காரர், வயதில் என்னிலும் இரண்டு குறைந்தவர், அப்படியானால் அந்த இடத்தில் நாம் எல்லோரும் மேசையில் ஒரு குத்துக் குத்துவோம் என்றார். அது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் கூடவே தட்டுவோம், பதினைந்துக்குப் பிறகு கோப்பிக் கோப்பைகள் துள்ளுமளவுக்கு மேசையில் ஒரு குத்து.

ஏழு பேரில் இருவர் வேறு ஊருக்குப் போய்விட, இந்த வருடம் இளவேனிலில் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி பாடனில் வேலை செய்யும் பொறியியலாளர், இங்கே பிறந்த தமிழ்ப் பெண், நாற்பதை எட்டியவள். தமிழ்ப் பெண்ணுக்கு இந்த வட்டத்தில் என்ன வேலை என்று யோசித்தேன். கோயிலில் யாரோ என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கக்கூடும் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் கூட்டம் முடிந்து ட்ராமுக்கு நிற்கும்போது அவள் கிட்ட வந்தாள்.

“அங்கிள், கோவிக்காதேங்கோ. மூண்டாம் சரணத்திலயும் பதினாறுதான்.”

“நீர் எதில கேட்டனீர்?”

“போனில. ஹெட்போன் போட்டு.”

“போனில வாறதெல்லாம் பிறகு திருத்தினது.”

“ஒரு கைதட்டைத் திருத்தவோ? அதுக்கு ஆள் வைச்சிருக்கிறாங்களோ?”

“வைச்சிருப்பாங்கள்.”

“அப்ப ஒண்டு செய்வம். அடுத்தமுறை பழைய ரெக்கோர்ட்டைப் போட்டு, ஒருத்தரும் கை தட்டாமல் கேப்பம். ஓமோ?”

ஓம் என்றேன். அந்த மாதம் முழுவதும் சரியாக நித்திரை இல்லை. நான் சொன்ன கணக்கைப் பிழையென்று இந்த நாட்டில் நிரூபித்தவர் அதுவரை எவருமில்லை. வேலை அனுமதி அலுவலகத்தில்கூட.

அந்தச் சனிக்கிழமை ஃப்ரிபூர்க்காரர் தன் முதற்பதிப்பை உறையிலிருந்து எடுத்தார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் சரணம் முடிந்தது. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. பதினாறு. தெளிவாக, மற்றப் பதினைந்தையும் போலவே, விழுந்தது.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். திடுக்கிட்டவர்கள் பார்ப்பார்கள். இவர்கள் முன்னமே தெரிந்தவர்கள் போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று ஜெர்மனில் ஃப்ரிபூர்க்காரரைக் கேட்டேன்.

அவர் ஊசியைத் துடைக்கத் தொடங்கினார். பதினேழு தரம் துடைத்தார். பிறகு, வீட்டில் எப்போதும் பதினாறுதான் கேட்டது, இங்கே நீங்கள் பதினைந்து என்றீர்கள், நீங்கள் வேறு பதிப்பைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன் என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மேசையில் குத்தச் சொன்னவர் இவர். பதினாறாவது தட்டு என் காதில் விழாமல் மூடுவதற்காகவே அந்தக் குத்து. பதினொரு வருடம், வருடத்துக்குப் பன்னிரண்டு, நான் காய்ச்சலில் வராத நான்கைக் கழித்தால் நூற்றிருபத்தெட்டுக் கூட்டம். அத்தனையிலும் எனக்காக மேசையைக் குத்தியிருக்கிறார்கள். இது மரியாதையா, வேடிக்கையா? என்னுடைய எண்ணிக்கைக்கு மதிப்பில்லையென்றால், கதவுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தவன் யார்? கோப்பியைக் குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் கசற்றை எடுத்துப் பென்சிலால் சுற்றினேன். மனைவி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே பார்த்தாள்.

“என்னப்பா, அதோட சண்டையோ?”

“ஆரோ இதில கை வைச்சிருக்கிறாங்கள்.”

“ஆர்? நானோ? உந்தப் பாட்டு நிண்டால் எனக்குச் சந்தோசம்தான், ஆனால் நான் தொடேல்லை.”

அந்த இடம் வந்தது. நாடா அறுந்து ஒட்டப்பட்டிருந்தது. முதலில் விடுதி அறையின் மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகச் சந்தேகித்தேன். பிறகு தந்த சமையற்காரரை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கரை போட்ட ஒட்டுநாடா. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டங்களில் பெயர் ஒட்ட அந்தச் சமையலறையில் பாவித்தது. விடுதி அறையில் அது என் சட்டைப் பையில் மட்டும்தான் இருந்திருக்கும்.

இயந்திரம் நாடாவைத் தின்ற ஒரு மாலை ஞாபகத்துக்கு வந்தது. சமையற்காரர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அவசரமாக ஒட்டினேன். பாட்டு இருக்கும் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குப் பாட்டு மூடுண்டுவிட்டது. என்னை ரசிகனாக்கிய வெறுமையைச் செய்தவன் நான்தான்.

போவதா விடுவதா என்று யோசித்துக் கடைசியில் அடுத்த கூட்டத்துக்குக் கசற்றையும் பழைய இயந்திரத்தையும் பையில் வைத்துக் கொண்டுபோனேன். நடந்ததை எழுந்து நின்று சொன்னேன். பொறியியலாளர் கசற்றைக் கையில் கேட்டாள். கொடுக்கவில்லை. நான் பிடித்திருக்க அவள் குனிந்து பார்த்தாள்.

“ரெண்டரை சென்ரிமீற்றர் வரும் அங்கிள். செக்கனுக்கு அஞ்சு ஓடினால் சரியா ஒரு தட்டு. அளந்தோ ஒட்டினீங்கள்?”

“அளக்கேல்லை.”

“நீங்கள் அளக்காத ஒரேயொரு சாமான் இதுதான் போல.”

மற்றவர்களுக்கு அவள் அதை ஜெர்மனில் சொல்ல, சிரித்தார்கள். நானும் எண்ணாமல் விட்டேன், எத்தனை பேரென்று.

பிறகு பாட்டைப் போட்டேன். ஒருவரும் தட்டவில்லை, மேசையைக் குத்தவுமில்லை. பதினைந்து விழுந்தது. அதன்பின் அந்த வெறுமை. பாடகர் திரும்பி வந்தார். ஃப்ரிபூர்க்காரரின் கை கோப்பைக்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

“இன்னொருதரம் போடுங்கள்” என்றார்.

போட்டேன். மரியாதைக்காக இரண்டாம் தரம் கேட்பவர்கள் இந்த ஊரில் உண்டு, அதனால் நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டார். அதுவும் குற்ற உணர்வாக இருக்கலாம். நான்காம் தரம் அவர் என்னைக் கேட்கவேயில்லை. தானே எழுந்துவந்து, என் தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிப் பின்னுக்கு ஓடவிட்டார். அந்த இயந்திரத்தை என் மனைவியைக்கூட நான் தொட விட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஒரு பிரதி எடுக்க வேண்டும், கசற்றை ஒரு கிழமைக்குத் தர முடியுமா என்றார். தரமாட்டேன் என்றேன். அப்படியென்றால் வீட்டுக்கு வாருங்கள் என்றார்.

வரும் சனிக்கிழமை ஃப்ரிபூர்க்குக்குப் போகிறேன். கசற்றை நானே உள்ளே போடுவேன், நானே வெளியே எடுப்பேன், இடையில் அவர் அறையை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சம்மதித்துவிட்டார். இவ்வளவு சுலபமாக ஏன் சம்மதித்தார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.