ஒன்றென்றால் எதற்கு இரண்டு பெயர்

செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து வரும் பாசஞ்சரில் ஆரோக்கியசாமி அவர்கள் வரவில்லை. வண்டி நின்றது. கூட்டம் இறங்கிப் போயிற்று. பிறகு கார்டு எங்கள் கூட்ஸ் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"உங்க ஆளு நேத்து ராத்திரி போயிட்டாராம்."

"எங்கே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஹெட் கிளார்க் ரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரோக்கியசாமி அவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க். மல்லாட்டை மூட்டைகளை, அதாவது வேர்க்கடலையை, எடை போட்டு வண்டியேற்றுவது அவர் பொறுப்பு. குடியிருந்தது திண்டிவனத்தில். காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்புவார். வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்ததில்லை. இந்த இரண்டு ஊர்களிலும் கால்பந்தைப் பற்றி அவரைப்போல் பேசியவர் யாருமில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. அவர் பேச்சைக் கேட்டிருப்பார்கள். பிறகு மௌனத்தையும்.

நான் பட்டணத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், யுத்தம் தொடங்கிய வருஷம் அந்த ஆபீசில் சேர்ந்தேன். முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"வாய்யா பி.ஏ. பந்து ஆடுவியா?"

"இல்லை சார்."

"நானும்தான். நல்லதாப் போச்சு. எல்லாரும் ஆடினா பாக்கறது யாரு?"

அவர் கருத்துகள் திட்டவட்டமானவை. கோல் காக்கும் கோலி புட்பால்காரனே அல்ல. "கையால புடிக்கிறவன் வாட்ச்மேன். அவனுக்கு எதுக்கு மாலை?" தலையால் முட்டி கோல் போடுவது அவருக்குப் பிடிக்காது. தலைக்குள்ளே ஒன்றும் இல்லாதவன்தான் அதன் வெளிப்புறத்தை உபயோகிப்பான் என்பார். புதுச்சேரிக்காரர்கள் அழகாக ஆடுவார்கள், ஆனால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரெபரியிடம் பிரெஞ்சில் நியாயம் கேட்பார்கள். "அவன் பேசி முடிக்கறதுக்குள்ள நம்மாளு கோல் போட்டுட்டு வந்து சோடா குடிச்சிடுவான்."

இவையெல்லாம் சில்லறை. அவருடைய கொள்கை ஒன்றுதான். சாக்கர் வேறு, புட்பால் வேறு.

அது அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லோகோ ஷெட்டில் ஒரு வெள்ளைக்கார போர்மன் மாலையில் தடித்த கம்பளிச் சாக்ஸை முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாராம். எங்கே போகிறீர்கள் என்று இவர் கேட்டதற்கு, 'சாக்கர்' என்றாராம். வேறு விளக்கம் எதற்கு? சாக்ஸ் போட்டு, அதன்மேல் பூட்ஸ் மாட்டி ஆடுவது சாக்கர். வெறுங்காலால் ஆடுவது புட்பால். பெயரிலேயே கால் இருக்கிறது.

திண்டிவனத்தில் இதை அவர் பரப்பிவிட்டார். பூட்ஸ் அணிந்த எதிரணி மைதானத்தில் இறங்கினால், "சாக்கர்காரனுங்க வந்துட்டானுங்கடா" என்று கூட்டம் கத்தும். விழுப்புரம் ஜங்ஷன் டீம் அப்படிப்பட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். பூட்ஸ், சாக்ஸ், வரி போட்ட பனியன். திண்டிவனத்து டீமுக்கு ஒரே நிறத்தில் பனியன்கூடக் கிடையாது.

"காலுக்குத் தெரியணும்" என்பார். "பந்து ஈரமா, காஞ்சிருக்கா, காத்து கம்மியா, ஜாஸ்தியா, எல்லாம் காலுக்குத் தெரியணும். தோலுக்கும் தோலுக்கும் நடுவுல இன்னொரு தோலு எதுக்கு?"

மைதானத்தின் ஓரத்துக்கு வந்ததும் தம் செருப்பைக் கழற்றி விடுவார். கோட்டும் தலைப்பாகையும் இருக்கும், செருப்பு மட்டும் இருக்காது. நெருஞ்சியில் நின்றபடி பார்ப்பார். ஜங்ஷன் டீமின் பக்கம் நிற்கும் ரங்கநாதன் அங்கிருந்தே கூப்பிடுவார்.

"என்ன ஆரோக்கியம், கோவிலுக்கு வந்துட்டீரா?"

"ஆமா சாமி. நீரு செருப்போட நிக்கறீரே, பாவம் சேந்துடப் போவுது."

திண்டிவனத்து டீமில் லெப்ட் அவுட்டாக, இடது ஓரத்தில், ஆடியவன் அந்தோணி. அவருடைய தம்பி. தாய் தகப்பன் போன பிறகு இவர்தான் வளர்த்தார். இவருக்குப் பிள்ளைகள் இல்லை. மெலிந்த, கறுத்த, எப்போதும் சிரிக்கிற பையன். ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை. கோடு ஓரமாக அவன் பந்தைக் கொண்டுபோகும்போது அது அவன் காலில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அவன் ஓடினால் ஆரோக்கியசாமி அவர்களும் கோட்டுக்கு வெளியே கூடவே நடப்பார். ஓட மாட்டார். கிளார்க்கு ஓடக்கூடாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தோணி எங்கள் ஆபீசுக்கு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஜங்ஷன் டீமோடு ஆட்டம். வாசலிலேயே நின்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. கிரவுண்டு ஒரே சேறா கீது. பாத்துட்டு வர்றேன்."

"சேறுன்னா?"

"வழுக்குது. அவனுங்க பூட்ஸுல ஆணி வெச்சிருக்கானுங்க, நின்னுக்கறானுங்க. நமக்குத்தான் பேஜாரு." பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேணும்ணே. டிரைவர் ஒருத்தரு பழசு தர்றேன்னாரு. நீ சரின்னு சொன்னா போதும்."

ஆபீஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. ரங்கநாதன் தலையை நிமிர்த்தாமல் புன்னகைத்தார்.

"நீ சாக்கர் ஆடப் போறியா?" என்றார் ஆரோக்கியசாமி.

அந்தோணி என்னைப் பார்த்தான். "சார், படிச்சவரு, நீங்களாவது சொல்லுங்க."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டும் ஒரே ஆட்டம்தான் சார், பட்டணத்துப் பத்திரிகைகளில் இரண்டு பெயரும் வரும், பூட்ஸுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றேன்.

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார்.

"ஒண்ணுன்னா எதுக்குய்யா ரெண்டு பேரு?"

 ஏதோ சொன்னேன்.

"உங்க காலேஜுல காலும் பூட்ஸும் ஒண்ணுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணியும் சிரித்தான்.

"சரி, விடுண்ணே" என்றான்.

அவ்வளவுதான். அண்ணன் வேண்டாம் என்றால் அவனுக்கு வேண்டாம். போகும்போது என் மேசையைத் தட்டி, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சார்" என்றான்.

போனேன்.

தூறல். பந்தின் தோல் ஊறிக் கனத்துக் கிடந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி அவர்கள் சேற்றில் வெறுங்காலோடு நின்றார். இடைவேளைக்குச் சற்று முன், அந்தோணி கோடு ஓரமாகவே போய், இரண்டு பேரை விட்டுவிட்டு, மூலையிலிருந்து உள்ளே வந்து கோல் போட்டான். கோலி விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

"பாத்தியா பி.ஏ." என்றார் அவர். "அது காலு."

அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அதுதான் கடைசி. அதற்கு முன்பும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இடைவேளைக்குப் பிறகு, ஜங்ஷன் டீமின் தடுப்பாட்டக்காரன், பேக் ஒருவன், பந்தை நிறுத்த வந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சேற்றில் சறுக்கினான். அவன் பூட்ஸ் அந்தோணியின் வலது பாதத்தின்மேல் இறங்கிற்று. அடித்தோலில் ஓர் ஆணி தேய்ந்து வெளியே நீண்டிருந்தது.

சிறிய துளை. ரத்தம்கூட அதிகமில்லை. அந்தோணி கோட்டோரம் நொண்டி வந்து உட்கார்ந்தான். ஆரோக்கியசாமி அவர்கள் தாம் போட்டிருந்த கோட்டின் நுனி சேற்றில் படக் குனிந்தார். காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கீழே கிடந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காயத்தின்மேல் அப்பி, கட்டைவிரலால் அழுத்தினார். திண்டிவனத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சாக்கர்காரர்கள் டிஞ்சர் மருந்து வைத்திருப்பார்கள். இவர்களுக்கு மண்.

"கிரவுண்டுல பட்டதுக்கு கிரவுண்டு மண்ணே போதும். எந்திரி."

அவன் எழுந்து ஆடினான். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். திரும்பும் வண்டியில் விக்கிரவாண்டி தாண்டும்வரை பாட்டுச் சத்தம் ஓயவில்லை என்று மறுநாள் ஆரோக்கியசாமி அவர்கள் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தோணிக்குத் தாடை இறுகிற்று. சாப்பிட வாய் திறக்க முடியவில்லை. பிறகு முதுகு வில்லாக வளைந்தது. வெளிச்சம் பட்டால் உடம்பு துள்ளிற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, ரணஜன்னி என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"புண்ணில் மண் வைத்தது யார்?"

"நான்" என்றார் ஆரோக்கியசாமி.

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அந்தோணி இறந்துபோனான்.

அவர்கள் சபையில், இறந்தவருக்கு நல்ல உடை உடுத்தி, கைக்கு வெள்ளைக் கையுறையும் காலுக்கு வெள்ளைச் சாக்ஸும் அணிவித்துப் பெட்டியில் வைப்பது வழக்கம். உறவுக்காரர் ஒருவர் அவற்றைக் கடையிலிருந்து வாங்கி வந்தார். பெட்டியின் அருகே வந்ததும் நின்றுவிட்டார். சாக்ஸைக் கையில் பிடித்தபடி ஆரோக்கியசாமி அவர்களைப் பார்த்தார். கூடியிருந்த திண்டிவனத்து ஆட்டக்காரர்களும் பார்த்தார்கள்.

"போடு" என்றார் அவர். "புள்ள கேட்டதுதான்."

பிறகு அவரே வாங்கிப் போட்டார். காயம்பட்ட காலுக்கு மெதுவாக.

அதன்பின் அவர் ஆபீசுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். எடையில் தவறு வந்ததில்லை. ஆட்டம் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவுவார். ரங்கநாதன் மெதுவாக ஜங்ஷன் டீம் பேச்சையே விட்டுவிட்டார். அந்த பேக், எஞ்சினுக்குக் கரி போடும் இளம் பயர்மேன், ஒருநாள் ஆபீசுக்கு வந்து இவர் மேசை முன் நின்று அழுதான். "நீ என்னப்பா பண்ணுவ. உன் ஆட்டம் அது" என்றார் இவர். தண்ணீர் கொடுத்து அனுப்பினார். மைதானத்துப் பக்கம் அவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு மனிதரிடமிருந்து அவர் கருத்துகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நான் இதை அந்த ஆண்டுகளில் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். கோட்டு மிஞ்சிற்று. கையெழுத்து மிஞ்சிற்று. காலை வண்டி, மாலை வண்டி.

யுத்தம் முடிந்த வருஷம் ஒரு மாலை. பிளாட்பாரத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். நான் சும்மா உடன் நின்றிருந்தேன். எதிர் லைனில் இரண்டு ரயில்வே பையன்கள் ஒரு துணிப்பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல் கேட்டார்.

"பி.ஏ."

"சார்."

"அன்னைக்கு ஒண்ணு சொன்னியே. ரெண்டும் ஒண்ணுதானா?"

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதுவும் தெரிந்துவிடும்.

"ஆமாம் சார். ஒன்றுதான்."

அவர் தலையசைத்தார். மயிலம் பக்கம் போகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவன் பூட்ஸப் போட்டுக்கினு ஆடியிருந்தாலும் புட்பால்தான்."

"ஆமாம் சார்."

"ம்."

வண்டி வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம்போல் எனக்குக் கையைத் தூக்கினார்.

கார்டு வந்து சொன்ன அன்றே ரங்கநாதனும் நானும் திண்டிவனம் போனோம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாராம். அவ்வளவுதான் என்றார் அவர் மனைவி. பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டு. வெள்ளைக் கையுறை. கால்மாட்டில் வெள்ளைச் சாக்ஸ், மடிப்புக் கலையாமல்.

உறவுக்காரர் அதை எடுத்தார். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம். அவரு சொல்லிக்கினே இருந்தாரு."

"என்னன்னு?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"'புள்ளைக்குப் போட்டாச்சு. எனக்கு வேணாம்'னு."

பழைய ஆட்டக்காரர் ஒருவர் பின்னாலிருந்து, "அவரு புட்பால்காரர்மா, எப்படிப் போடுவாரு?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அந்த அம்மாள் சாக்ஸை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கடைசிவரை தம் கொள்கையில் நின்றார் என்று அந்த ஊர் பேசிக்கொள்ளும். பேசிக்கொள்ளட்டும். பிளாட்பாரத்தில் அவர் என்னிடம் கேட்டதை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கொள்கை அன்றைக்கே போய்விட்டது. கால்களை மட்டும் வெறுமையாகவே வைத்துக்கொண்டார். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்ததில் இல்லை.

மூடுவதற்கு முன் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இரண்டு பாதங்கள். வெடித்த குதிகால். நெருஞ்சி தைத்த பழைய தழும்புகள். எத்தனையோ மைதானங்களின் ஓரத்தை அறிந்தவை. பந்தை ஒருமுறையும் அறியாதவை.

மண் போட்டார்கள். என் முறை வந்தபோது ஒரு பிடி எடுத்தேன். ஈரமாக இருந்தது. கையைத் திறக்க எனக்கு நேரம் பிடித்தது.

போய் வாருங்கள், சார்.