உள்ளங்கையில் சுட்ட கால்

அப்போது நான் சிராங்கூன் சாலைப் பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரிக்கும் குதிரைக்காரன். முதல் வகுப்பில் ஓடிய, என் பொறுப்பிலிருந்த குதிரையை, வேகம் குறைந்துவிட்டதென்று இரண்டாம் வகுப்புக்கு இறக்கியிருந்தார்கள். மட்டமான குதிரைகளோடு ஓடினால் ஜெயிக்காமல் போகுமா? கையிலிருந்த பணத்தையெல்லாம் அதன்மேல் கட்டிவிட்டேன்.

பந்தயத்தன்று காலையில் தேய்த்துவிடும்போது அதன் முன்னங்கால் சுட்டது; உள்ளே அடிபட்டிருந்தால்தான் அப்படிச் சுடும். வேகம் குறைந்த காரணம் என் உள்ளங்கையில் இருந்தது. ஈரத்துணி சுற்றி ஆற்றினேன்.

“கால்ல சூடு ஏதும் இருக்காடா?” என்று லாயத்து மேஸ்திரி கேட்டார்.

“இல்லண்ணே.”

ஓட்டம் தொடங்கியது. இப்போது ஒடியும், இப்போது ஒடியும் என்று அந்த முன்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடிந்தால் மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவன் என்ன ஆவான்? ‘தோத்துப் போ, மெதுவா வா’ என்று வேண்டிக்கொண்டேன்.

ஜெயித்துவிட்டது. கூட்டத்தின் கத்தலுக்கு நடுவே நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து, வழக்கம்போல் என் தோளில் முகத்தை வைத்தது.

இன்றைக்கும் யாராவது “இல்லண்ணே” என்றால் என் உள்ளங்கை சுடுகிறது.