நிவாரணம் போய்ச் சேர்ந்த வீடு

ஊரடங்கில் கோயில்களும் கல்யாணங்களும் நின்றுபோக, மாரிகுப்பம் பக்கம் குத்தகை நிலத்தில் நாங்கள் போட்டிருந்த சாமந்தி செடியிலேயே அழுகியது. பூ விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் அறிவித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் என்றார்கள். அது நிலத்துக்காரர் ஜெயராஜ் அண்ணனின் கணக்கில் ஏறிவிட்டது.

"பாடுபட்டது நாம, துன்றது அவரா?" என்று கணவரிடம் கத்திவிட்டு, சண்டை போடவே பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததுமே கும்பிட்டார்.

"உன் காசுதாம்மா. இன்னா பண்றது, பையனுக்கு மூச்சு வாங்குச்சி. ஆக்சிஜனுக்குக் குடுத்துட்டேன்."

"இப்போ எப்டி கீறான் அண்ணே?"

"முந்தாநேத்து போயிட்டான்மா."

உள்ளே அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். தொற்றுக்குப் பயந்து, கிட்டப் போய் அவர் கையைப் பிடிக்கக்கூட எனக்குத் துணிவில்லை. வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

பணத்தை அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பூ போட வாங்கியிருந்த கடன் முற்றி, குத்தகையை விட்டுவிட்டோம். இன்று கணவர் காவலாளி வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார். யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் இதைக் கொஞ்சம் தாங்கியிருப்பேன் என்று இப்போதும் தோன்றுகிறது.