தண்ணீரைப் பார்த்து நடுங்கிய மார்கழி

அந்த நாய் என்னைக் கடித்தபோது நான் அதன் எஜமானரின் காலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஒரு பஞ்சாலையின் ஆஸ்பத்திரியில் அப்போது எனக்குக் கட்டுப் போடும் வேலை. ஆஸ்பத்திரி என்றால் ஆலைக் கேட்டை ஒட்டிய இரண்டு அறைகள், அவ்வளவுதான். ஒன்றில் டாக்டர் இருப்பார். இன்னொன்றில் நானும் மருந்துப் புட்டிகளும். விரல் நசுங்கியவர்கள், யந்திரப் பட்டை அறுந்து அடித்து நெற்றி கிழிந்தவர்கள், பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டியவர்கள் என்று ஆள் வந்தபடியே இருப்பார்கள். மார்கழி பிறந்தால் கூட்டம் இன்னும் கூடும். குளிரில் விறைத்த விரல் யந்திரத்துக்கு முன்னால் சொன்னபடி கேட்பதில்லை.

அன்று காலை எட்டு மணி ஆகியும் பனி விலகவில்லை. பஞ்சுப் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு லாரி ஹாரன் அடிக்கவும் முன்வண்டி மாடு மிரண்டது. சக்கரம் வண்டிக்காரரின் காலில் ஏறிவிட்டது. நாலு பேர் அவரைத் தூக்கிவந்து மேசையில் கிடத்தினார்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பு விலகியிருந்தது. நான் காலை இழுத்து நேராகப் பிடிக்க வேண்டும், டாக்டர் பலகை வைத்துக் கட்டுவார். இழுத்தேன்.

"ஐயோ, உட்டுருங்க சாமி! உசுரு போவுதுங்க!" என்று அவர் கத்தினார்.

கதவோரம் ஏதோ கருப்பாகத் தெரிந்தது. அடுத்த நொடி என் கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. நான் காலை விடவில்லை, நாயும் என் காலை விடவில்லை. டாக்டர் கட்டி முடிக்கிறவரை அவரும் நானும் நாயும் அப்படியே நின்றோம். பிறகு யாரோ சாட்டைக் கம்பால் அதட்ட, நாய் பனிக்குள் ஓடி மறைந்தது.

டாக்டர் கார்பாலிக் திராவகத்தில் குச்சியை நனைத்து என் காயத்தில் வைத்தார். அதே குச்சியை நான் எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறேன். எனக்கு வைத்தபோது ஆலைச் சங்குக்குச் சரியாகக் கத்தினேன்.

"மெதுவாப்பா! நீ போடற சத்தத்துல அந்த நாய்க்குக் காய்ச்சல் வந்துரும்" என்றார் டாக்டர்.

வண்டிக்காரர் பாதி மயக்கத்தில் இருந்தார். கூட வந்தவர்கள் அவரை வைக்கோல் பரப்பிய வண்டியில் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானம் டாக்டர் கை கழுவும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: "அந்த ஆளு எந்த ஊருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் என்றான் கேட் காவல்காரன். மதுக்கரைப் பக்கம் என்றான் பொதி இறக்கியவன்.

"நாய் பத்து நாள் நல்லாருந்தா நமக்குக் கவலையில்ல. ஆனா நாயே எங்கேன்னு தெரியலியே? நாளைக்கே டவுனுக்குப் போய் ஊசியை ஆரம்பிச்சுரு."

அதன் வாயோரம் வெள்ளையாக ஏதோ பார்த்தேன். குளிரில் மூச்சு புகைந்ததா, விடியவிடிய வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த எச்சிலா, நுரையா? நினைக்க நினைக்க அது நுரையாகவே ஆகிக்கொண்டு வந்தது.

நான் இப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஆலைக்கு வருமுன் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பழகினேன். அங்கே வெறிநாய் கடித்த அவினாசிப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கிணறு வெட்டிய உடம்பு. பார்க்க ஒரு நோயும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் யாரோ சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தச் சத்தத்துக்கே அவருடைய கழுத்து நரம்பு புடைத்து உடம்பு தூக்கிப் போட்டது. சன்னலைத் திறந்தால் காற்றுக்கும் அப்படியே. அது கொஞ்சம் தணிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க கண்ணு, அந்தத் தண்ணியைச் சித்தெ அக்கட்டால எடுத்துட்டுப் போயிருங்க" என்று அத்தனை மரியாதையாகச் சொன்னார். இரண்டு நாளில் போய்விட்டார். அவர் கத்தியது எனக்கு மறந்துவிட்டது. அந்த மரியாதை மறக்கவில்லை.

தினமும் சைக்கிளில் டவுனுக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். அங்கே நாய்க்கடிக்காரர்களுக்குத் தனி வரிசை. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவர் தன் மாமனார் வீட்டு நாயிடமே கடிபட்ட புது மாப்பிள்ளை. எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. ஆனால் ஒருவர் இருமினால் மற்ற எல்லாரும் பெஞ்சில் ஒரு முழம் தள்ளி உட்காருவோம். வாத்தியார் ஒரு நாள் தும்மிவிட்டு, "இது சளிங்க, வெறும் சளிதானுங்க" என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் என் மனைவியும், தவழ்கிற பெண் குழந்தையும்தான். ஆலைக்குப் பின்னால் வரிசை வீடு. கடிபட்ட அன்றே பக்கத்து வீட்டு அக்கா அவளுக்கு எல்லா விவரமும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். வெறிநாய் கடித்தவனுக்குத் தண்ணீரில் தன் முகம் தெரியாது, நாய் முகம்தான் தெரியும் என்று.

மறுநாள் காலை வட்டில் நிறையத் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இதுல என்னுங்க தெரியுது?"

"என்ற மூஞ்சிதான் தெரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாமா."

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன் என்பதுதான் உண்மை. மூன்று நாள் தாடியோடு, பனியில் வெடித்த உதட்டோடு ஒரு முகம் ஆடியது. அதுவும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

அதிலிருந்து அவளுக்குத் தெரியாமல் நானே என்னைச் சோதித்துக்கொள்ள ஆரம்பித்தேன். மருந்து அறையில் ஆள் இல்லாத நேரம் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். பிறகு ஒரு மடக்குக் குடிப்பேன். இறங்கினால் ஒரு மணி நேரம் நிம்மதி. மறுபடி ஊற்றுவேன். இப்படிக் குடித்துக் குடித்து வெளியே போய் வருவதே வேலையாகிவிட்டது. "ஏம்ப்பா, சர்க்கரை வியாதியா உனக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

ஆனால் மார்கழி என்னை விடவில்லை. வாடைக் காற்று கதவிடுக்கில் நுழைந்து முதுகில் பட்டால் உடம்பு சிலிர்க்கும். குளிரா, அதுவா? சைக்கிளில் எதிர்க்காற்று முகத்தில் அடித்தால் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும். அதுவா? யாரைக் கேட்பது? ஆலைக்காரர்கள் எல்லாரும்தான் கழிவுப் பஞ்சைக் கொளுத்திக் கையைக் காட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நாய் கடிக்கவில்லை.

ஊசி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் எழுந்து எச்சில் விழுங்கினேன். தொண்டையில் முள் குத்தியது. மறுபடி விழுங்கினேன். கழுத்தே இறுகியது போல இருந்தது. பாயில் உட்கார்ந்தபடி அசையாமல் இருந்தேன். அவினாசிக்காரருக்கும் முதலில் தொண்டைதான் பிடித்தது.

மனைவி வாசலில் இருந்து குரல் கொடுத்தாள். "மாமா, மேலுக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வாங்க. களி ஆறிப்போவுது."

"சுடுதண்ணி இருக்குதா?"

"பருத்திமார் வெறகு பூராப் பனியில நனைஞ்சுபோச்சுங்க. அடுப்புக்கே காணல. பச்சத்தண்ணிதான்."

"அப்ப இன்னிக்கு வேண்டாம் புள்ளெ."

அவள் உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எச்சிலை விழுங்கி முகத்தைச் சுளித்ததையும் பார்த்துவிட்டாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவை வெளிப்பக்கம் தாழ் போடும் சத்தம் கேட்டது.

"அக்கா! தண்ணி வேண்டாங்கறாருங்கக்கா!"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு இருந்த பயம் இரண்டு மடங்கானது. நான்தான் வீணாக நினைக்கிறேன் என்று அதுவரை ஒரு மூலையில் தைரியம் இருந்தது. இப்போது இன்னொருவர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டதே!

அவளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வழி செய்ய நினைத்தேன். பின்கட்டுக்கு ஓடி, தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். "பாரு புள்ளெ, ஊத்திக்கறேன் பாரு!" என்று கத்தினேன். கத்தும்போதே பல் கிட்டிவிட்டது. தோளும் முதுகும் தனித்தனியாக உதறின. குட்டைச் சுவருக்கு மேலே வரிசை வீட்டுத் தலைகள் எல்லாம் தெரிந்தன.

"ஐயோ, இழுப்பு வந்துருச்சே! டாக்டரக் கூப்புடுங்க!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

டாக்டர் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு வேகமாக வந்து, குட்டைச் சுவரைத் தாண்டி இறங்கினார். நான் துவைக்கிற கல்லில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்தார்.

"குடி."

டம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியது. பாதி மார்பில் கொட்டியது. வாய்க்குள் போனதை விழுங்கினேன். தொண்டை எரிந்து, புரையேறி, மூக்கு வழியே வந்துவிட்டது.

டாக்டர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். நாலைந்து வருஷமாக அவர் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் நான். சொல்ல ஒன்றும் இல்லாதபோது அவர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் அதைவிடப் பயந்த நேரம் இல்லை. சுவருக்கு அப்பால் என் குழந்தை எதற்கோ சிரித்தது கேட்டது. இதுதான் கடைசியாகக் கேட்பது என்று கூட நினைத்துவிட்டேன்.

"வாயைத் திற" என்றார். கரண்டிக் காம்பை வைத்து நாக்கை அழுத்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். அவரும் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தொண்டை ரெண்டு பக்கமும் மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்குது. காய்ச்சலும் இருக்குது. இதோட பச்சத்தண்ணிய எவனாவது தலையில ஊத்துவானா?"

"அப்ப அது இல்லீங்களா சார்?"

"இது தொண்டைப்புண்ணு. அது வந்தவன் தண்ணிய இப்படித் தேடிப்போய் ஊத்திக்க மாட்டான். அம்மணி, கதவத் தெற. சூடா ஒரு சுக்குக் காப்பி போட்டுக் கொண்டா."

காப்பி வலித்துக்கொண்டேதான் இறங்கியது, ஆனால் இறங்கியது. நான் கடைசிச் சொட்டுவரை குடிப்பதை மனைவி வாசற்படியில் நின்றே பார்த்தாள். உள்ளே வரவில்லை. குழந்தை அன்றும் அதற்குப் பிறகும் பக்கத்து வீட்டில்தான் தூங்கியது. கேட்டால், "உங்களுக்குச் சளி, அதுக்கும் ஒட்டிக்குமுங்க" என்றாள். தொண்டைப்புண் ஆறிய பிறகும் அதையே சொன்னாள். ஊசி வரிசையில் நான் இருமியபோது வாத்தியார் எழுந்தே போய்விட்டார்.

ஊசி எல்லாம் முடிந்தது. பயம் முடியவில்லை. ஊசி பலிக்காமல் போனவர்களும் உண்டு என்று வேலை பழகிய இடத்தில் கேட்டிருக்கிறேன்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காவல்காரன் ஓடிவந்தான். "வண்டிக்காரரு வந்துருக்காருங்க. டாக்டரு உங்களையும் உங்க ஊட்டுக்காரம்மாவையும் வரச் சொன்னாரு."

நான் கை கழுவுமுன் அவள் புறப்பட்டுவிட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு போசி நிறையத் தண்ணீர். கேட்டருகே வண்டி நின்றது. வண்டிக்காரர் கட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியின் நிழலில் அந்தக் கருப்பு நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உறுமியது.

"என்ற நாய் உங்களக் கடிச்சுபோட்டதே எனக்குத் தெரியாதுங்க. இப்பத்தான் டாக்டருங்க சொன்னாரு. மன்னிச்சுபோடுங்க" என்று வண்டிக்காரர் கும்பிட்டார். "இது நல்ல நாயிங்க. என்ற மேல யாரு கைய வெச்சாலும் அதுக்கு ஆகாதுங்க."

மனைவி அவர் பேசியதைக் காதில் வாங்கவில்லை. போசியை நாயின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நாய் மோந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு சளப் சளப் என்று நக்கிக் குடித்தது. போசி காலியாகும்வரை அவள் மூச்சுவிட்டதாகவே தெரியவில்லை.

"எங்க போய்த் தொலைஞ்ச இத்தன நாளா?" என்றாள் நாயிடம். குரல் உடைந்தது. வண்டிக்காரர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஊட்டுலதானுங்க கெடந்தேன்" என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் அவள் வரிசை வீடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு சொன்னாள்: "நீங்க செத்துப்போயிருவீங்கன்னு நான் பயப்படலீங்க மாமா."

"பின்ன?"

"புள்ளையக் கடிச்சுபோடுவீங்களோன்னுதானுங்க நெம்பப் பயந்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு உப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். தெருக்கோடி போகுமுன் இரண்டு தடவை திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.