லாக் கேட்கப் போன கதை

போன மாதம் ஆபீசில் ஒருவர் என் முகத்துக்கு நேராக 'முடியாது' என்றார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இப்போது அவருக்குக் கோயில் கட்டலாமா என்று யோசிக்கிறேன்.

விஷயம் இதுதான். என் டீமில் பிரகாஷ் என்று ஒருவர். (பெயரை மாற்றிவிட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வருகிறார். கெட்டிக்காரர். ஆனால் சில வாரங்களாக வேலை தாமதம். நான் பக்கத்தில் போனால் சட்டென்று ஸ்கிரீனை மாற்றுகிறார்... வேறென்ன இருக்கும்? வேறு கம்பெனியில் வேலை தேடுகிறார். பெங்களூரு டீம் லீடர்களுக்கு முதலில் வருகிற சந்தேகமே இதுதான்.

அவரை ப்ராஜெக்டிலிருந்து தூக்கச் சொல்லி மெயில்கூட டைப் செய்துவிட்டேன். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. யார் எந்த வெப்சைட் பார்த்தார்கள் என்கிற லாக், சிஸ்டம் அட்மின் கீதாவிடம் இருக்கும். தமிழர்கள் நிறைந்த காக்ஸ் டவுன்காரர். தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பேசுவார். தினமும் கேன்டீனில் எங்களோடு காபி குடிக்கிறவர் – மறுக்கவா போகிறார்?

"ஒரு நிமிஷம் காட்டுங்க கீதா. பார்த்துட்டுப் போயிடறேன்."

"ஆகல்ல சார்," என்றார். முடியாது என்பதைக் கன்னடத்தில் சொன்னால் கண்டிப்பு கூடும்போல. பிறகு தமிழுக்கு வந்தார். "எழுத்துல கம்ப்ளெயின்ட் வேணும். எச்.ஆர். ஓகே சொல்லணும். பாலிசில இருக்கு. நீங்களும் ஒத்துக்கிட்டிருக்கீங்களே?"

ஒத்துக்கொண்டேனா? ஆமாம். கம்ப்யூட்டர், ஈமெயில், இன்டர்நெட்டை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று வருஷா வருஷம் ஒரு நீளமான பாலிசி வரும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், 'படித்தேன், ஏற்கிறேன்' என்று க்ளிக் செய்துவிட்டு டீ குடிக்கப் போவோம். உங்கள் ஆபீசில் எப்படி?

"நான் அவரோட டீம் லீட், கீதா."

"எம்.டி. வந்தாலும் இதேதான் சார். ஒருத்தர் என்ன தேடறாங்கன்னு பார்க்கிறது, அவங்க பையைத் திறந்து பார்க்கிற மாதிரி. அவர்கிட்டயே கேளுங்களேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினேன். வேறு வழியில்லாமல் மூன்றாம் நாள் பிரகாஷையே கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"பையனுக்கு மூணு வயசாகுது சார். இன்னும் பேச்சு வரல. தெரபிஸ்ட் சொன்ன பயிற்சி வீடியோவெல்லாம் லஞ்ச் டைம்ல பார்க்கறேன். சாயந்திரம் அவனோட உட்காரணும்ல... அதான் வேலை இழுக்குது. ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. லாக்கைப் பார்த்திருந்தால் உண்மை எனக்கும் தெரிந்திருக்கும்தான். ஆனால் அவர் சொல்லாததைத் திருடித் தெரிந்துகொண்டிருப்பேன். டைப் செய்து வைத்த மெயிலை அழித்தேன். அவர் காலையில் சீக்கிரம் வந்து நாலு மணிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்தோம். அன்றைக்குத்தான் பாலிசியை முழுசாகப் படித்தேன். இடைவேளையில் சொந்த விஷயத்துக்கு நெட் பார்க்கலாம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

ரூல் பேசி வேலையைத் தட்டிக்கழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரூல் பேசி அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும், தினமும் பார்த்துச் சிரிக்க வேண்டிய ஒருவரிடம் 'முடியாது' என்று சொல்லி! எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

கீதாவிடம் நன்றி சொல்லப் போனேன். "பரவாகில்ல சார்," என்று சிரித்தார்.

சும்மா இருக்காமல் ஒன்று கேட்டேன். "என் லாக்கை யாராவது கேட்டிருக்காங்களா கீதா?"

கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "அதையும் நான் சொல்லக்கூடாது சார்."

நிம்மதியாக இருந்தது. இருந்தாலும் சீட்டுக்குப் போனதும் திறந்திருந்த கிரிக்கெட் ஸ்கோரை மூடினேன்.