படிக்க முடிந்தால் தப்பு

சலூன் பெஞ்சில் உட்கார்ந்ததும் மாஸ்டர் ஒரு சினிமாப் பத்திரிகையை எடுக்கிறார். நடுவில் எங்கோ திறக்கிறார். தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, சட்டைத் துணி வாங்குகிறவர் மாதிரி தேய்த்துப் பார்க்கிறார். வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். ஒரு முறை முகர்கிறார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெரிதாக ஓர் இருமல். அந்த இருமலுக்குள் 'சர்ர்' என்று ஒரு சத்தம். பத்திரிகை மூடிக்கொள்கிறது. சட்டைப் பை கொஞ்சம் தடிக்கிறது.

இதிலிருந்துதான் தெருவில் அந்தப் பேச்சு கிளம்பியது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், சலூன் பத்திரிகைகளிலிருந்து நடிகைகளின் படங்களைக் கிழித்துக்கொண்டு போகிறாராம். "போனா பரவாயில்லையே, வீட்டுல வெச்சு அயர்ன் பண்றாருங்க" என்று அடுத்த வீட்டுக்காரர் சேர்த்துக்கொண்டார். ஜன்னல் வழியாக அவரே பார்த்தாராம். நடிகையின் படத்துக்கு ஒரு மனிதன் எதற்காக இஸ்திரி போடவேண்டும் என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. ஒன்றையும் அச்சில் ஏற்ற முடியாது.

விசாரிக்கப் போனால் சலூன்காரர் கொதித்தார். "கிழிக்கிறது உண்மைதாங்க. அதுக்காக அபாண்டமாப் பேசக் கூடாது. நடிகைங்க அத்தனை பேரும் பத்திரமா இருக்காங்க. காணாமப் போனது பூரா கேள்வி பதிலும் தலைவலித் தைல விளம்பரமும்தான்." ஆதாரமாக ஒரு நடுப்பக்கத்தை விரித்துக் காட்டினார். காட்டியவர் தாமும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர்தான் கடைசியில் செருமவேண்டியதாயிற்று.

ஆக, நடிகை பொய். இஸ்திரி நிஜம்.

விஷயம் இதுதான். மாஸ்டருக்கு வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்கிற கிறுக்கு. பழைய ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு பலகை தெரியுமே, செப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓட, பொட்டுப் பொட்டாக ஈயம் வைத்து, அது. சொல்லிவைத்தால் செய்து அனுப்புகிற கடைகள் இருக்கின்றன. மாஸ்டர் கேட்டால்தானே! "எவனோ போட்ட ரோட்டுல நான் எதுக்குப் போகணும்?" என்பார். அவருடைய அகராதியில் செப்புக் கோடு என்றால் ரோடு. துளை என்றால் ஸ்டாப். இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டால் ஆக்ஸிடென்ட்.

ரோடு போடும் விதம் கேளுங்கள். கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வழவழப்பான மெல்லிய தாளில் லேசர் பிரிண்டரில் அடிக்க வேண்டும். அந்தக் கறுப்பு உண்மையில் மை அல்ல, சூட்டில் உருகுகிற பொடி. வழவழத் தாளில் அது வாடகைக்குக் குடிவந்த மாதிரித்தான் ஒட்டியிருக்கும், சொந்த வீடு மாதிரி அல்ல. தாளைச் செப்புப் பலகையின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், பொடி உருகி, தாளைக் கைவிட்டுவிட்டுச் செம்பைக் கட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் தேய்த்து உரிக்கவேண்டும். கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தப் பலகையைப் பழுப்பு நிற மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினால், கறுப்புக்கு அடியில் பதுங்கிய செம்பு பிழைக்கும், மற்றதெல்லாம் கரைந்து போகும். பிழைத்ததுதான் ரோடு.

இதற்கு வேண்டிய தாள் சலூனில் கிடைக்கிறது. அச்சடிக்க ஆள்தான் கிடைப்பதில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்கா, மாஸ்டர் தலை தெரிந்ததுமே இரண்டு கைகளாலும் மெஷினை மறைத்துக்கொள்வார்.

"இது புஸ்தகத் தாள் மாஸ்டர். என் மெஷின் வயித்துக்கு ஒத்துக்காது. போன தடவை நீங்க வந்துட்டுப் போனதுல நாள் பூரா ஒண்ணும் சாப்பிடாம கிடந்துச்சு."

"இந்தத் தடவை நல்ல தாள்மேல டேப் போட்டு ஒட்டிக் கொண்டாந்திருக்கேன்மா. தலைப்பக்கம் ஒட்டியிருக்கு பாரு. சுருண்டுக்காது."

"சுருண்டா?"

"நானே பிரிச்சுச் சரி பண்ணித் தரேன்."

"அதுக்குத்தான் பயப்படறேன்."

வீட்டில் சமையலறை மேடைதான் தொழிற்சாலை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் செம்பைத் துலக்கப் போய்விட்டது. நகப்பூச்சு அழிக்கிற திரவம், வேலை முடிந்ததும் கறுப்பைத் துடைக்கப் போய்விட்டது. மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போது அவருடைய கால் தானாகவே தரையை மிதிக்கும். வருஷக்கணக்காகப் பழகுநர் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்த பிரேக். வீட்டில் யாராவது தேநீரை வேகமாக ஊற்றினாலும் அந்தக் கால் மிதித்துவிடும்.

"எனக்குன்னு இருந்தது ஒரு அயர்ன் பாக்ஸ்" என்கிறார் மாஸ்டரின் மனைவி. "போன வாரம் க்ளினிக்குக்கு, அதுல தேய்ச்ச கோட்டு முதுகுல ஒரு ரோடு மேப்போட போய்ட்டு வந்திருக்கேன். டாக்டர் சொல்லித்தான் தெரியும்."

க்ளினிக் என்றால் பல் க்ளினிக். அங்கே அவர் டாக்டருக்கு உதவியாளர். தொழிலில் கெட்டிக்காரர், ஆனால் அந்தத் தொழில் அவருக்கு ஒரு வினையை வைத்திருக்கிறது. எப்போதும் நோயாளிக்கு எதிரே நிற்பவர். இடது கடைவாய்ப் பல் என்று டாக்டர் சொன்னால் அது நோயாளியின் இடது, இவருக்கு வலது. கை உடனே வலப்பக்கம் போகும். அது க்ளினிக்கில் சரி. காரில்?

மாஸ்டரிடமே பழகிவிட்டு அவர் போன கார் ஓட்டும் தேர்வில் இன்ஸ்பெக்டர் "லெஃப்ட்ல திருப்புங்கம்மா" என்றார். அம்மா அழகாக, சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ரைட்டில் திருப்பினார். மறுபடி போனபோதும் அதே அழகு. பயிற்சியின்போது மாஸ்டர் கத்தினார். கத்தக் கத்தக் கை இன்னும் வேகமாக எதிர்ப்பக்கம் போயிற்று. ஒரு நாள் அம்மா வண்டியை ஓரங்கட்டினார்.

"இனிமே நீங்க வாயைத் திறந்தா நான் எதிர் ஸ்கூல்ல போய்ச் சேந்துடுவேன்."

எதிர் ஸ்கூல் என்பது பக்கத்துத் தெருவில் ஒரு மேடம் நடத்துவது. மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மாஸ்டருக்கே போட்டியாகக் கடை போட்டவர். மாஸ்டரின் மனைவி அங்கே போய்க் கற்றுக்கொண்டார் என்றால், மாஸ்டர் தம் ஸ்கூல் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அன்று அவர் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

வாயைத் திறக்காமல் வழி சொல்லவேண்டும். இடது, வலது என்ற வார்த்தையே வரக்கூடாது. யோசித்தார். யோசித்ததன் பலன் ஒரு சின்னப் பெட்டி. காரின் முன்பக்கத்தில், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே ஒட்டுவது. அதில் பச்சை விளக்குகளால் இரண்டு அம்புகள், பக்கத்துக்கு ஒன்று. கம்பி நுனியில் இரண்டு பொத்தான்கள் மாஸ்டர் கையில். அவர் அமுக்குவார், அம்பு எரியும், எரிகிற பக்கம் அம்மா திரும்புவார். அவ்வளவுதான். மனுஷன் ஊமையாகிவிடலாம்.

பலகையில் இடதுக்கு 'இ', வலதுக்கு 'வ' என்று செம்பிலேயே எழுத்தும் வைத்தார். சலூனில் இருமினார். ஜெராக்ஸ் கடையில் கெஞ்சினார். மேடையில் அழுத்தினார். எழுத்தைப் பார்த்துப் பொத்தான் கம்பிகளைப் பற்றவைத்தார். ஈயம் வைத்த பக்கம் மேலே இருக்க, பலகையைக் குப்புறப் போட்டபடியே சோதித்தார். இடது பொத்தான், இடப்பக்கம் வெளிச்சம். வலது பொத்தான், வலப்பக்கம் வெளிச்சம். "பாத்தியா! வேலை சுத்தம்!" என்று கூவினார்.

குப்புறக் கிடந்ததை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அங்கேதான் இருந்தது வினை.

மறுநாள் பயிற்சிக்கு வேறு தெருவே இல்லாததுபோல, எதிர் ஸ்கூல் தெருவுக்கே வண்டியை விடச் சொன்னார். மேடம் பார்க்கட்டும். வாக்குத் தவறாமல் இருக்க ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டார். தெரு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. மாஸ்டர் இடது பொத்தானை அமுக்கினார். பச்சை அம்பு பளிச்சென்று எரிந்தது. அம்மா கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வலது பக்கம் திருப்பினார். வலது பக்கம் இருந்தது எதிர் ஸ்கூலின் வாசல். வண்டி உள்ளேயே போய் நின்றது.

"லெஃப்டு! லெஃப்டு காட்டறேன்ல! கண்ணு தெரியலையா உனக்கு?"

மிட்டாய் பறந்து போய் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

அம்மா பதறவில்லை. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கைப்பிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்தார். மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வரிசை மாறாமல் எல்லாம் செய்துவிட்டுக் கேட்டார்:

"எது எரியுது?"

மாஸ்டர் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் இடது பொத்தானில்தான் இருந்தது. எரிந்தது வலது.

பெட்டியைப் பிடுங்கித் திறந்தார். அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து? படிக்கவே முடியல."

"'இ'ம்மா. இடதுக்கு."

"இதுவா 'இ'? கண்ணாடில பாக்கிற மாதிரியில்ல இருக்கு."

மாஸ்டர் பலகையைக் கண்ணருகே கொண்டுபோனார். தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் படம் இடம் வலமாகும். அதனால் அச்சடிக்கும்போதே திருப்பி அடிக்கவேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு, அதில் ஒரு டிக் போடவேண்டும். போடவில்லை. மொத்தப் பலகையும் கண்ணாடிப் பிம்பமாக வந்திருக்கிறது; குப்புறப் போட்டுச் சோதித்ததில் அதுவே சரியாகத் தெரிந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் எழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார்கள். மாஸ்டரோ பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் லாரிகளின் பெயரையும் பஸ்களின் ஊரையும் படித்துப் பழுத்த கண்ணுக்குச் சொந்தக்காரர். எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவருக்கு நேராகத்தான் தெரியும்.

"பிரிண்ட்டுல ஒரு டிக் விட்டுப் போச்சு" என்றார்.

"யார் விட்டது?"

"அந்த சாஃப்ட்வேர்ல என்னன்னா..."

"சாஃப்ட்வேரா என்னைப் பாத்துக் கத்துச்சு?"

மேடம் ஜன்னலருகே வந்துவிட்டிருந்தார். "உங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது மாஸ்டர். நேரா எங்க வாசலுக்கே கூட்டிட்டு வந்துடுச்சே. அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி வேணாம்மா. ஒரு ஃபாரம் குடு."

மாஸ்டரின் கால், நின்றுகொண்டிருந்த வண்டியிலேயே பிரேக்கை ஓங்கி மிதித்தது. "நாளைக்கு ஒரு நாள் டைம் குடு. வேற பலகை போட்டுடறேன்."

"ரெண்டு கம்பியையும் மாத்தி வெச்சாப் போதாதா?"

"அது ஒட்டு வேலை. நான் செய்ய மாட்டேன்."

அம்மா ஃபாரத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, பலகையைப் போடுங்க. ஆனா, ஊரான் வாசல்ல வெச்சு 'கண்ணு தெரியலையா'ன்னு கேட்டீங்கல்ல? அதுக்கு ஒரு ஸாரி பாக்கி."

மாஸ்டருக்கு ஈயம் வரும், செம்பு வரும், வார்த்தையில் இந்த ஒன்று மட்டும் வராது. "ஸாரி சொல்ற நேரத்துல பிரேக்கைப் போடு" என்றுதான் அவர் மாணவர்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார். முன்கண்ணாடியில் ஒட்டிய மிட்டாயை மும்முரமாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது பலகைக்கு ஜெராக்ஸ் கடைக்கு அம்மாவும் கூடவே போனார். மெஷின் துப்பிய தாளை அக்கா பார்த்துவிட்டு, "அச்சச்சோ, எழுத்து திரும்பி வந்திருக்கு. வேற அடிக்கட்டுமா?" என்றார்.

"வேணாம்" என்றார் அம்மா. "தாள்ல படிக்க முடிஞ்சாத்தான் தப்பு."

அழுத்தி, ஊறவைத்து, உரித்து, பழுப்புத் தண்ணீரில் ஆட்டி, துடைத்ததும் பலகை முதலில் அம்மா கைக்குத்தான் போனது. நோயாளியின் பல்லைப் பார்ப்பதுபோல விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தார். "இ. வ." என்று படித்தார். தலையாட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா வாயால் படிக்காத பலகை எதுவும் ஈயத்தைப் பார்ப்பதில்லை. மாஸ்டர் இதை "க்வாலிட்டி செக்கிங்" என்கிறார், தாமே அந்தப் பதவியை உண்டாக்கிக் கொடுத்ததுபோல.

அப்புறம் பயிற்சி. அம்பு எரியும், கார் திரும்பும். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மிட்டாய் டப்பா மட்டும் மளமளவென்று காலியாயிற்று.

தேர்வு நாளில் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் கட்டாந்தரையில் நின்று நகத்தைக் கடித்தார். "லெஃப்ட்" என்று கேட்டதும் அம்மா முன்பக்கத்தில் பெட்டி ஒட்டியிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாராம். அங்கே பச்சையாக ஒன்று எரிந்ததாம். "உங்க பெட்டி இல்லாட்டியும் எரியுதுங்க" என்று இறங்கி வந்து சொன்னார். பாஸ்.

திரும்பி வரும்போது அம்மாதான் ஓட்டினார். சிக்னலில் வண்டி நின்றது. கைப்பை திறந்தது. நாலாக மடித்த ஃபாரம் வெளியே வந்தது.

"இன்னும் தூக்கிப் போடலையா அதை?" என்றார் மாஸ்டர்.

"அங்க லாரி ஓட்டவும் கத்துக் குடுக்கிறாங்களாம்."

"லாரியா? உனக்கா?"

"அன்னிக்குப் பாக்கி வெச்சதை இப்பச் சொன்னீங்கன்னா, இங்கயே கிழிச்சுப் போட்டுடறேன்."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். உதடு 'ஸா'வுக்குத் தயாராகி, அப்படியே நின்றது. மூடிக்கொண்டார். மடியிலிருந்த பெட்டியை எடுத்து அம்மாவின் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினார். இரண்டு அம்புகளும் எரிந்தன. விட்டார். அமுக்கினார்.

"ரெண்டு பக்கமும் மின்னினா வண்டி பழுதுன்னுதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"ஸாரின்னு சொல்லித் தரலையே."

பச்சை விழுந்து, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மாஸ்டர் விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்தார்.