ஜெரார்ட் கொட்டாவி விட்ட ஞாயிறு

என் தம்பி ஜெரார்ட் பதினோரு வருஷமாகப் போதையைத் தொடாமல் சுத்தமாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது மறந்துபோய்விட்டது.

அவனுக்கு ஐம்பத்தாறு வயது. சாங்கி விமான நிலையத்தில், விமானத்தில் வரும் பூவையும் மீனையும் வைக்கிற குளிர் அறையில் பெட்டி இறக்குகிறான். ஹெராயின் அவனை வாலிபத்திலேயே பிடித்துக்கொண்டது. இழுப்பவர்கள் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். நல்ல மருந்து! பல் போனது, வேலை போனது, மூன்று முறை ஜெயிலுக்குப் போனான். கடைசியில் பெண்டாட்டி, மகள் மிரண்டாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இழுத்திருந்தால் கண்மணி கடுகாகச் சுருங்கும். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நிற்கும், தலை தொங்கிவிடும். கிடைக்காவிட்டால் அதைவிட மோசம். முதலில் கொட்டாவி, ஒன்றல்ல, வரிசையாக வரும். பிறகு கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, வயிற்றுவலி, வாந்தி. தோ பாயோவில் என் வீட்டு அடுப்படித் தரையில் அவன் மூன்று நாள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான். நான்காம் நாள் எழுந்து, என் தாலிச் சங்கிலியோடு போனான். அன்றிலிருந்து யார் கொட்டாவி விட்டாலும் என் கை கைப்பையைத் தேடும்.

திருந்தி வந்தவனுக்குப் பேச ஆள் இல்லை. பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கூடாது. புதிதாக யாரும் கிட்டே வரவில்லை. ஒற்றை அறை வாடகை வீட்டில் வானொலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். ஞாயிறு பூசைக்கு வந்தால் கோயிலில் கடைசிப் பெஞ்சு. பூசை முடிந்து தேக்கா சந்தையில் கறி வாங்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வருவான். வாரத்தில் அவன் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

இந்த வருஷம் மிரண்டாவுக்குக் குழந்தை பிறந்தது. கீத் என்று பெயர். அவள் வேலைக்குத் திரும்பும்போது சனிக்கிழமை காலையில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேனே என்று ஜெரார்ட் கேட்டான். பக்கத்தில் ஒருவர் காவல் நிற்காமல் அவன் பேரனைத் தூக்கியதே கிடையாது. மிரண்டா பொறுப்பை என் தலையில் போட்டாள்.

“அத்தை, நீங்க ஓகேன்னா எனக்கும் ஓகே லா.”

நான் சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கொட்டாவி விட்டான். இன்னொன்று வந்தது. மூன்றாவதில் கண் கலங்கி, மூக்கை உறிஞ்சினான். எழுந்து போய் கைப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி திருப்பிய சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பி வந்தபோது தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். வர்றேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் மிரண்டாவை ஃபோனில் கூப்பிட்டு, உன் அப்பா திரும்ப ஆரம்பித்துவிட்டான் போல என்று சொல்லிவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

சனிக்கிழமை பத்து மணிக்கு, கையும் களவுமாகப் பிடிக்கிற நினைப்பில் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். தரையில் புதுப் பாய். பிளக் ஓட்டைகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தான். மேசை முனைகளில் துணி சுற்றியிருந்தது. பிள்ளை வராது என்று மிரண்டா காலையில்தான் செய்தி அனுப்பியிருந்தாளாம்.

சுவரில் வேலை அட்டவணை தொங்கியது. சனிக்கிழமை காலையில் தூங்கி எழுந்த ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காக, வெள்ளி தவிர மற்ற எல்லா இரவும் வேலையை மாற்றி வாங்கியிருக்கிறான். அந்த ஞாயிறு, சனி இரவு வேலை முடிந்து நேராகப் பூசைக்கு வந்தவன். குளிர் அறையில் நிற்பவனுக்கு மூக்கு ஒழுகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பாவி, எனக்கு எல்லாம் தெரியும்.

அவன் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி, கண்ணை அகலத் திறந்தான்.

“நல்லா பாருக்கா. பாத்துட்டு அவளுக்கு ஃபோன் பண்ணு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று மிரண்டாவிடம் ஃபோனில் சொன்னேன்.

“பிள்ளைய இன்ஃபன்ட் கேர்ல போட்டாச்சு அத்தை. இன்னொரு தடவ இந்தப் பயத்தை என்னால தாங்க முடியாது.”

பேசியது அவனுக்கும் கேட்டது. பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தான். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான்.

மாற்றிய வேலையை அவன் திரும்ப மாற்றிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை இன்னமும் காலியாகவே இருக்கிறது. ஞாயிறு தவறாமல் வருகிறான். போன வாரம் சாப்பிடும்போது அவன் தாடை நடுங்குவதைப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, வந்த கொட்டாவியை விழுங்கினான்.

“விடுடா தம்பி, கொட்டாவிதானே,” என்றேன்.

“தூக்கக் கலக்கமெல்லாம் இல்லக்கா. ராத்திரி நல்லா தூங்கினேன்.”

இரவு முழுக்க சாங்கியில் பெட்டி இறக்கிவிட்டு வந்தவன் அவன். பதினோரு வருஷமாக அதுவரை என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை.